நிச்சலனம் பற்றி

சென்ற செப்டம்பரில், பாரதி நினைவு நாளை ஒட்டி, நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். வழக்கமான கூட்டம்தான். கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது, அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டோம், காப்பி வந்தது. காப்பிக்குப் பிறகு ஒரு கவிஞர் – நல்ல கவிஞர், அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது – தம் செல்போனைக் கைக்குக் கை அனுப்பினார். அதில் பாரதி. எட்டு நொடி. முதலில் நாம் அறிந்த அந்தப் படம் அசையாமல் நிற்கிறது. பிறகு இமைகள் ஒருமுறை மூடித் திறக்கின்றன. தலை இடப்பக்கம் சற்றுத் திரும்புகிறது. முண்டாசின் நுனி காற்றில் ஆடுகிறது. மீசைக்குக் கீழே உதடு விரிந்து ஒரு புன்னகை. அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. மாடியில் இருந்தவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர், 'நூறு வருஷத்துக்கு அப்புறம் ஆசாமி நம்மளப் பாக்கிறாருய்யா' என்றார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். 'உங்களுக்கு எல்லாத்திலேயும் குறைதான்' என்று பதில் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

யந்திரத்தின் மீது எனக்கு விரோதம் இல்லை. சினிமாவே யந்திரம்தான். அதன் மீது எனக்குள்ள மோகம் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும். புகைப்படம் வந்தால் ஓவியம் செத்தது என்றார்கள், பேசும் படம் வந்தால் சினிமா செத்தது என்றார்கள். அந்த ஒப்பாரியில் இன்னொரு குரலாகச் சேர்ந்துகொள்ள விருப்பமில்லை. ஏஐ கலையா இல்லையா என்ற விவாதமும் எனக்கு அலுத்துவிட்டது. என் கேள்வி சிறியது. அந்த எட்டு நொடியில் அசைந்தது யார்?

இமை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 2021 பிப்ரவரியில் மைஹெரிடேஜ் என்ற வம்சாவளித் தேடல் நிறுவனம் 'டீப் நாஸ்டால்ஜியா' என்று ஒன்றை வெளியிட்டது. நுட்பம் டி-ஐடி என்ற நிறுவனத்தினுடையது. பழைய முகப்படம் ஒன்றைக் கொடுத்தால் அது சில நொடிகள் தலையசைத்துக் கண் சிமிட்டிச் சிரிக்கும். உலகம் பூராவும் ஜனங்கள் கொள்ளுப்பாட்டியையும் கொள்ளுத்தாத்தாவையும் அசைத்துப் பார்த்து அழுதார்கள். அந்த அசைவு படத்திலிருந்து வந்ததல்ல. அதற்கென்று முன்கூட்டியே எடுத்து வைத்த வீடியோக்கள் உண்டு. உயிரோடிருக்கும் யாரோ சிலர் காமிராவின் முன் தலையைத் திருப்பி, இமைத்து, புன்னகைத்துக் கொடுத்தவை. அந்த அசைவைக் கொள்ளுப்பாட்டியின் முகத்தின் மீது ஏற்றிவிடுவார்கள். நம் ஊரில் செத்தவர் உயிரோடிருப்பவர் மேல் வந்து இறங்குவார். இங்கே உயிரோடிருக்கும் ஒரு முகமறியாத ஆசாமி செத்தவர் மேல் வந்து இறங்குகிறான். எத்தனை ஆயிரம் குடும்பங்களில் எத்தனை ஆயிரம் பாட்டிகள் ஒரே ஆளுடைய புன்னகையைச் சிரித்திருக்கிறார்கள்! பேச்சை மட்டும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை, துஷ்பிரயோகத்துக்கு இடமாகிவிடும் என்று அந்த நிறுவனமே சொல்லியது. மற்றவை துஷ்பிரயோகத்துக்கு வெளியே இருப்பதாக அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

நண்பரின் செல்போனில் இருந்தது அதற்கடுத்த தலைமுறை. இங்கே முகமறியாத ஆசாமிகூட இல்லை. 2023 நவம்பரில் ஸ்டெபிலிட்டி ஏஐ வெளியிட்டது ஒரே நிழற்படத்திலிருந்து 14 அல்லது 25 சட்டங்களை உண்டாக்கித் தந்தது. 2024 ஜூனில் சீனாவிலிருந்து க்ளிங், அதே மாதம் அமெரிக்காவிலிருந்து லூமா. 2025 ஜூலையில் கூகிளின் ஜெமினி, கொடுத்த புகைப்படத்தை எட்டு நொடி வீடியோவாக, சப்தத்தோடு, சந்தா கட்டியவர்களுக்குச் செய்து தர ஆரம்பித்தது. வேலை நடக்கிற விதம் ஏறக்குறைய இதுதான்: கணக்கற்ற வீடியோக்களைப் புள்ளிப் புள்ளியாகச் சிதைத்து, சிதைந்ததிலிருந்து மறுபடி மீட்டெடுக்க யந்திரத்தைப் பழக்குகிறார்கள். பழகிய பின் வெறும் இரைச்சலைக் கொடுத்தால், அதிலிருந்து அது ஒரு வீடியோவை 'மீட்டு' எடுக்கும். நீங்கள் தரும் புகைப்படம் அந்த மீட்புக்கு ஒரு கட்டுப்பாடு. இப்படி ஒரு முகம் இருந்தால் அடுத்த கணம் என்ன ஆகியிருக்கக்கூடும் என்பதற்கு, தான் பார்த்த அத்தனை முகங்களையும் வைத்து அது ஒரு விடை சொல்கிறது. பாரதி அடுத்த கணம் என்ன செய்தார் என்பது அதன் கேள்வியே அல்ல. மனிதர்கள் பொதுவாக என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. பொதுவாக மனிதர்கள் இமைப்பார்கள், தலையைத் திருப்புவார்கள், காமிராவைப் பார்த்தால் புன்னகைப்பார்கள்.

பாரதியைப் பற்றி நாம் எதையாவது நிச்சயமாகச் சொல்ல முடியுமென்றால், அவர் 'பொதுவாக' இல்லை என்பதைச் சொல்லலாம்.

அவருடைய புகைப்படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐந்து என்பது வழக்கமான கணக்கு. ரா. அ. பத்மநாபன் 1957இல் 'சித்திர பாரதி'யைக் கொண்டுவந்தபோது, இவற்றையும் சுற்றியுள்ள ஆதாரங்களையும் ஒருவர் ஆயுளைச் செலவழித்துத் தேட வேண்டியிருந்தது. குரல் பதிவு நமக்கு இல்லை. சலனப்படம் இல்லை. இந்த இல்லாமை வெறும் துரதிர்ஷ்டம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தார் எடுத்து வைத்த படத்தைப் பாருங்கள். அந்தக் கண்களை ஒரு நிமிஷத்துக்கு மேல் நேராகப் பார்க்க முடிவதில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டின் முன் உட்காருவது இன்றைக்குப் போல அல்ல. அசையாதே என்றால் அசையாமல் இருக்க வேண்டும். புகைப்படத்தின் ஆரம்பக் காலத்தில் நிமிஷக் கணக்கில் அப்படி இருக்க வேண்டியிருந்தது, தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள இரும்புக் கவ்வியெல்லாம் வைத்திருந்தார்கள். பின்னால் நேரம் குறைந்ததே தவிர, படத்துக்கு உட்காருவது என்ற காரியம் மாறவில்லை. ஆக, அந்தப் படத்தில் இருக்கும் நிச்சலனம் காமிராவின் குறைபாடு அல்ல. அது உட்கார்ந்தவர் செய்த செயல். தன்னை ஒரு கணத்துக்குள் முழுக்கத் திரட்டிக்கொண்டு, வரப்போகிற யாரோ ஒருவனை நோக்கி அவர் தம்மை நிறுத்திக்கொண்டார். அவர் கடைசிவரை காப்பாற்றிய அந்த நிறுத்தத்தைத்தான் யந்திரம் முதல் நொடியிலேயே கலைத்துவிடுகிறது. அவருக்கு உயிர் கொடுத்தோம் என்கிறார்கள். அவர் செய்த ஒன்றை அழித்துவிட்டு, அவர் செய்யாத ஒன்றை அவர் செய்ததாகக் காட்டுகிறோம். எனக்கு இது அவதூறுக்குப் பக்கத்தில் இருக்கும் காரியமாகத் தெரிகிறது.

இன்னொன்று. நண்பர் அசைத்தது புகைப்படத்தையே அல்ல. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் கூகிளில் தேடி, எது துலக்கமாக இருந்ததோ அதைக் கொடுத்திருக்கிறார். அது ஆர்யா என்ற கே. பாஷ்யம் வரைந்த ஓவியத்திலிருந்து கிளைத்த காலண்டர் வகைப் படம். காலர் மூடிய கோட்டு, முறுக்கிய மீசை, நெற்றிப் பொட்டு, பளபளப்பு. ஆர்யாவைக் குறை சொல்லவில்லை. அவர் ஒரு பாரதியைக் கண்டார், அதை வரைந்தார், ஒரு ஜாதியே அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஓவியத்தின் பிரதியின் பிரதி இமைப்பதைப் பார்த்து, 'ஆசாமி நம்மளப் பாக்கிறார்' என்று ஒரு கவிதைக் கூட்டம் கண் கலங்குகிறது என்றால், புகைப்படத்துக்கும் காலண்டருக்கும் வித்தியாசம் தெரியாத நிலைக்கு நாம் வந்துவிட்டோம் என்று அர்த்தம். யந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டியதில்லை. இரண்டும் அதற்குப் புள்ளிகள். நமக்குத் தெரிய வேண்டாமா?

'நடிகன் பாரதியாக நடிக்கிறானே, அது மட்டும் என்ன?' என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1961இல் 'கப்பலோட்டிய தமிழ'னில் எஸ். வி. சுப்பையா பாரதியாக வந்தார். 2000இல் ஞான ராஜசேகரன் எடுத்த படத்தில் மராத்திக்காரரான சாயாஜி ஷிண்டே வந்தார். இரண்டைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. சுப்பையாவின் ஆவேசம் மேடைக்கு உரியது. ஷிண்டேயின் உடம்பில் இருந்த ஒரு தவிப்பு எனக்குப் பிடித்திருந்தது, உதட்டசைவும் குரலும் இசையாதது உறுத்தியபோதும். இப்படி நான் சொல்ல முடிகிறது என்பதுதான் விஷயம். நடிகன் ஒரு வியாக்கியானம் தருகிறான். இது தவறு, இவர் இப்படித் தலையைத் திருப்பியிருக்க மாட்டார் என்று அவனோடு மல்லுக்கு நிற்கலாம். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவனால் சொல்ல முடியும். நண்பரின் எட்டு நொடியில் மல்லுக்கு நிற்க ஆளே இல்லை. நண்பர் எழுதிக் கொடுத்தது 'லேசாகச் சிரிக்கட்டும்' என்ற ஒரே வரி. ஏன் இடப்பக்கம் திரும்பினார்? தெரியாது. மறுபடி அழுத்தினால் வலப்பக்கம் திரும்புவார். தேர்வு இல்லாத இடத்தில் விமர்சனம் நடக்காது. ரசிப்பு மட்டும் நடக்கும். நாம் ஐம்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்த வெற்று ரசிப்போடுதான்.

அரசியல்வாதிகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். 2018இல் காலமான மு. கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். சினிமாவும் பின்தங்கவில்லை; அதே ஆண்டு 'கோட்' படத்தில் மறைந்த விஜயகாந்த் வந்துபோனார். கைதட்டினார்கள். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

லெஸ்ஸிங் 1766இல் 'லாவோக்கோன்' நூலில் எழுதியது இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. ஓவியனுக்கும் சிற்பிக்கும் ஒரே கணம்தான் கிடைக்கிறது. எனவே அவன் முன்னதும் பின்னதும் உள்ளே கனக்கிற கணமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உச்சத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஏனெனில் உச்சத்துக்கு மேல் பார்ப்பவனின் கற்பனை போக இடமில்லை. பாம்புகள் இறுக்கும் அந்தத் தகப்பன் அலறவில்லை, பெருமூச்சு விடுகிறான். அலறலை நாம் கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கேட்டுக்கொள்வதுதான் நிச்சலனப் படத்தில் நம் பங்கு. அடுத்த எட்டு நொடியை யந்திரம் செய்து கொடுத்துவிட்டால் நம் பங்கு போயிற்று. அதுவும் எதற்குப் பதிலாக? ஆகச் சாதாரணமான அடுத்த எட்டு நொடிக்கு.

சலனமே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மாறாக, ஒரு நிச்சலனப் படம் அசைவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதை மறக்க முடியவில்லை. கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த 'லா ஜெத்தே'. 28 நிமிஷப் படம். அதைப் படம் என்று சொல்லாமல் புகைப்பட நாவல் என்றே டைட்டிலில் போட்டுக்கொண்டார். மூன்றாம் உலக யுத்தத்தில் பாரிஸ் அழிந்தபின், பூமிக்கடியில் ஒரு கைதியைக் கடந்த காலத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கிறார்கள். அவன் தேர்ந்தெடுக்கப்படுவதற்குக் காரணம், சிறுவயதில் ஓர்லி விமான நிலையத்து மேல்தளத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகம் அவன் மனசில் அப்படியே நின்றுபோயிருப்பது. ஒரு பிம்பத்தில் மாட்டிக்கொண்டவன். அதனால் படம் முழுக்கப் புகைப்படங்கள். ஒன்றன்பின் ஒன்றாக, கருப்பு வெள்ளையில், ஒரு குரல் கதை சொல்ல. காமிரா ஒரு படத்தின் மேல் நகரலாம், ஒரு படம் இன்னொன்றில் கரையலாம், மனிதர்கள் அசைவதில்லை.

அவன் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறான். அவர்கள் பூங்காவில் நடக்கிறார்கள், மியூசியத்தில் பாடம் செய்த மிருகங்களைப் பார்க்கிறார்கள். பிறகு அவள் தூங்குகிறாள். தலையணையில் அவள் முகம். இன்னொரு கோணம். இன்னொன்று. படங்கள் ஒன்றில் ஒன்று கரைவது வேகம் பிடிக்கிறது. பறவைகளின் ஒலி ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று அவள் கண் திறக்கிறாள். நம்மைப் பார்த்து இமைக்கிறாள். சில நொடிகள்தான். உடனே வெட்டு, பரிசோதகனின் முகம், மறுபடி புகைப்படங்கள். படத்தில் வேறெங்கும் அசைவு இல்லை.

அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இமைத்ததற்காக அல்ல. ஒரு இமைப்புக்குக் கிட்டத்தட்ட இருபது நிமிஷம் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது, அதற்காக. உலகம் செத்துவிட்டது, காலம் நின்றுவிட்டது, மனிதர்கள் பிம்பங்களாகிவிட்டார்கள் என்ற அனுபவத்தை நிச்சலனத்தால் கட்டி எழுப்பி, பிறகு ஒரே ஒரு இடத்தில் அதை உடைக்கிறார். காதல் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. உச்சரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது அந்த இமையினால். நண்பரின் பாரதியும் இமைக்கிறார். செய்யப்படுவது ஒரே காரியம். அங்கே அது ஒரு பெண் தன் வாழ்வில் ஒரு காலைப்பொழுதில் ஒரு காமிராவின் முன் உண்மையில் திறந்த கண். எங்கே அதை வைக்க வேண்டும் என்று ஒரு மனிதன் முடிவு செய்திருக்கிறான். இங்கே யாரும் கண் திறக்கவில்லை, யாரும் முடிவும் செய்யவில்லை.

மார்க்கர் 2012இல் இறந்துபோனார். இந்த யந்திரம் அவர் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று சில சமயம் யோசிப்பதுண்டு. கம்ப்யூட்டரையும் சிடி-ராமையும் ஆசையோடு எடுத்து விளையாடிய கிழவர் அவர். சும்மா இருந்திருக்க மாட்டார். 2023வாக்கில் இந்த யந்திரங்கள் செய்த பிழைகளைத்தான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். விரல்கள் உருகி மேஜையோடு கலப்பது, திரும்பிய முகம் வேறொருவர் முகமாகத் திரும்பி வருவது. அந்தப் பிழைகளில் ஏதோ ஒரு உண்மை இருந்தது: யந்திரத்துக்குத் தெரியாத இடம் எது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. வருஷத்துக்கு வருஷம் அதைத் திருத்திவிட்டார்கள். இப்போது எல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. திருத்தப்பட்டதற்கு வருத்தப்படுகிற ஒரே ஆள் நானாக இருக்கலாம்.

விளையாட்டாகவே எடுத்துக்கொள்ள முடியாத இடங்களும் உண்டு. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை துவோல் ஸ்லெங் சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர்களை உள்ளே நுழைந்ததும் புகைப்படம் எடுத்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போனார்கள். உயிரோடு திரும்பியவர்கள் சொற்பம். 2021 ஏப்ரலில் வைஸ் இதழ் அந்தப் படங்களில் சிலவற்றுக்கு வர்ணம் பூசி வெளியிட்டது. பார்த்தால் சிலர் முகத்தில் புன்னகை. மூலப் படத்தில் இல்லாத புன்னகை. கம்போடிய அரசின் கலாசார அமைச்சகம் கண்டனம் தெரிவித்தது, இதழ் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டது. அது அசையும் படம் அல்ல, வர்ணம்தான். ஆனால் தர்க்கம் ஒன்றே: முகம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் மனிதத்தன்மையோடு காட்டுவோம். 1984 டிசம்பரில் போபாலில் ரகு ராய் எடுத்த, மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும் அந்தக் குழந்தையின் முகத்தை இந்த யந்திரத்தில் யாராவது போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். யந்திரத்துக்கு முகம் தெரியும். முகங்கள் பொதுவாக என்ன செய்யும் என்பதும் தெரியும்.

கவிதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படிமம் படிமம் என்று தமிழில் ஒரு தலைமுறையே பேசித் தீர்த்தது. நல்ல படிமம் பக்கத்தில் அசையாமல் கிடக்கும். வாசகன் மனசில்தான் அது அசையும், ஒவ்வொருவனுக்கும் வேறு வேறாக, சிலருக்கு அசையவே அசையாமல். அந்த அசையாமல் போகும் சாத்தியத்தையும் ஏற்றுக்கொண்டுதான் நாம் முன்னூறு பிரதி அடிக்கிறோம். இப்போது கவிதைக்கே எட்டு நொடி வீடியோ செய்து வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள் நம்மிலேயே சிலர். வரியில் கொக்கு என்றால் திரையில் கொக்கு பறக்கிறது. வாசகனை நம்பாத கவிஞன் என்று இவர்களைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். வேறு எப்படிச் சொல்வது?

இவ்வளவும் எழுதிய பிறகு, என் வீட்டில் நடந்ததை மறைப்பது அயோக்கியத்தனம்.

என் அப்பாவுக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு. 1971இல் ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் அவர் கண் மூடியிருக்கிறார். விளக்கு பளிச்சிட்டபோது இமைத்துவிட்டார், இன்னொன்று எடுக்கக் காசில்லை. 'ஜன்மம் பூரா நான் பேசறப்ப கண்ணை மூடிண்டே கேட்டார், போட்டோவிலயும் அப்படியே' என்பது அம்மாவின் நிரந்தரக் கிண்டல். அந்த மூடிய கண்களுக்கு மேல்தான் ஐம்பது வருஷமாக நாங்கள் எல்லோரும் எங்கள் எங்கள் அப்பாவின் கண்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரு பார்வை, தங்கைக்கு வேறு ஒன்று. சென்ற பொங்கலுக்கு வந்த தங்கை மகன், பையன் நல்லவன், பாட்டிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அந்தப் படத்தை யந்திரத்தில் கொடுத்தான். அப்பா கண் திறந்தார். பழுப்பு நிறக் கண்கள். நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார்.

அன்றிலிருந்து எனக்கு அப்பாவின் கண்கள் ஞாபகத்துக்கு வர மறுக்கின்றன. முயன்றால் அந்தப் பழுப்புக் கண்கள்தான் வருகின்றன. வேறு என்ன நிறம் என்று உறுதியாகச் சொல்லவும் தெரியவில்லை. லெஸ்ஸிங்கையும் மார்க்கரையும் வைத்துக்கொண்டு இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பேத்தியைக் கூப்பிட்டு அந்த எட்டு நொடியைப் போடச் சொல்கிறாள். அப்பாவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். யந்திரம் கொடுத்த பல்வரிசை முழுசு. முதல் நாளே அம்மா அதைக் கண்டுகொண்டாள். 'பல்லு அவர் பல்லு இல்லை' என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'இருக்கட்டும், இன்னொரு தரம் போடு' என்றாள்.